எட்டில் ஒரு பங்கு எஞ்சின்



இராமேசுவரம் செல்லும் பேருந்து பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே பார்ப்பார்கள். கடலுக்குள் வரிசையாக நிற்கும் தூண்களையும் அவற்றின் மேல் ஓடும் இருப்புப்பாதையையும் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் அது. கப்பல் வந்தால் ஆட்களே நெம்புகோலைச் சுற்றி நடுப்பகுதியைத் திறந்துவிடுவார்கள். 2022 டிசம்பரில் அதன் மேல் இரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 முதல் பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலத்தில் வண்டிகள் ஓடுகின்றன.

பழைய பாலத்தில் முதலில் இருந்தது மீட்டர் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். அந்தப் பாதையில் நீராவி எஞ்சின்கள் சென்னையிலிருந்து வந்த பயணிகளைத் தனுஷ்கோடி வரை இழுத்துச் சென்றன. அங்கிருந்து கப்பலில் ஏறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த ஊரை நோக்கிச் சென்ற ஒரு பயணிகள் வண்டியும் எஞ்சினோடு கடல் அலைக்கு இரையாயிற்று. பாலம் மட்டும் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் உயிர் பெற்றது. 2007 இல் மீட்டர் பாதை அகலப் பாதையாயிற்று.

நான் இராமநாதபுரத்தில் இயற்பியல் கற்பிக்கிறவன். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் பாம்பன், மண்டபம் பகுதிப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் என்னைத் தேடி வந்தார்கள். “சார், தாத்தா காலத்து நீராவி எஞ்சின் மாதிரி ஒன்று செய்ய வேண்டும். அலமாரியில் வைக்கிற பொம்மை வேண்டாம். நாங்கள் ஏறி உட்கார்ந்தால் இழுக்க வேண்டும். ஆனால் எங்களிடம் காசு அதிகம் இல்லை” என்றார்கள்.

முடியுமா? முடியும். ஒரே ஒரு பாகத்தைத் தவிர மற்றவை எல்லாவற்றையும் மலிவாகச் செய்துவிடலாம். அந்த ஒரு பாகம் எது, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எதைச் சுருக்குவது?

மாதிரி எஞ்சின் செய்வதற்கு முதலில் ஓர் அசல் வேண்டும். நாங்கள் ஒய்.பி. வகையை எடுத்துக்கொண்டோம். இந்திய மீட்டர் பாதைகளில் பயணிகள் வண்டிகளை இழுத்த எஞ்சின் அது. 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றில் பல ஜாம்ஷெட்பூரில் உருவானவை. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் ஆறு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு சிறு சக்கரங்கள். நடுவில் உள்ள ஆறுதான் இழுக்கும் சக்கரங்கள்.

அதன் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரையும் சேர்த்து நீளம் சுமார் 19 மீட்டர், எடை சுமார் 100 டன். இழுக்கும் சக்கரத்தின் விட்டம் 1372 மி.மீ. உருளையின் விட்டம் 387 மி.மீ.; அதற்குள் பிஸ்டன் நகரும் வீச்சு 610 மி.மீ. கொதிகலனில் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 14.8 கி.கி.

இதை எத்தனை பங்காகச் சுருக்கலாம்? ஒரு மீட்டரை எட்டால் வகுத்துப் பாருங்கள்: 125 மி.மீ. உலகெங்கும் மாதிரி எஞ்சின் செய்பவர்கள் ஐந்து அங்குலப் பாதை என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அது 127 மி.மீ. நம் மீட்டர் பாதையின் எட்டில் ஒரு பங்கும் அவர்களுடைய ஐந்து அங்குலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன! ஆகவே எட்டில் ஒரு பங்கு என்று முடிவு செய்தோம். நீளம் 2.4 மீட்டர், சக்கர விட்டம் 171 மி.மீ.; உருளை விட்டம் 48 மி.மீ.; வீச்சு 76 மி.மீ.

அப்போது ஒரு மாணவன் கேட்டான்: “அப்படியானால் எடையும் எட்டில் ஒரு பங்குதானே சார்? 12 டன் எடையை எங்கே வைப்பது?”

நல்ல கேள்வி. நீங்களும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

எட்டு, அறுபத்து நான்கு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு

ஒரு செங்கல்லை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் எட்டில் ஒரு பங்காக வெட்டுங்கள். எத்தனை துண்டுகள் கிடைக்கும்? 8 × 8 × 8 = 512. ஆகவே ஒரு துண்டின் எடை செங்கல்லின் எடையில் 512-ல் ஒரு பங்கு. எஞ்சினும் அப்படித்தான். 100 டன்னை 512-ஆல் வகுத்தால் 195 கி.கி. நான்கு பேர் சேர்ந்தால் தூக்கி வைத்துவிடலாம்.

பரப்பின் கதை வேறு. நீளமும் அகலமும் மட்டுமே சுருங்குவதால் அது 64-ல் ஒரு பங்காகும். ஆக நீளம் எட்டில் ஒன்று, பரப்பு அறுபத்து நான்கில் ஒன்று, எடை ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. மாதிரி எஞ்சினின் நன்மை தீமைகள் அனைத்தும் இந்த மூன்று எண்களிலிருந்தே பிறக்கின்றன.

எஞ்சின் எவ்வளவு விசையுடன் இழுக்கும் என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு:

இழுவிசை = 0.85 × அழுத்தம் × (உருளை விட்டம்)² × வீச்சு ÷ சக்கர விட்டம்

அழுத்தத்தைச் சதுர செ.மீ.க்கு இத்தனை கி.கி. என்றும், மற்ற அளவுகளைச் செ.மீ.இலும் போட்டால் விடை கி.கி.இல் வரும். அசல் எஞ்சினுக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 8,400 கி.கி. வரும்.

ஆனால் உருளையில் எவ்வளவு விசை இருந்தாலும் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டால்தான் வண்டி நகரும். காய்ந்த தண்டவாளத்தில் சக்கரத்தின் பிடிப்பு அதன் மேல் உள்ள எடையில் சுமார் கால் பங்கு. இழுக்கும் ஆறு சக்கரங்களின் மேல் இருப்பது 31½ டன். அதில் கால் பங்கு ஏறக்குறைய 7,900 கி.கி. இழுவிசைக்கும் பிடிப்புக்கும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! எஞ்சினை வகுத்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

இப்போது நம் சிறிய எஞ்சினுக்கு வருவோம். அதற்கும் 14.8 கி.கி. அழுத்தம் கொடுத்தால் இழுவிசை உருளையின் பரப்பைப் போல 64-ல் ஒரு பங்காகும்; அதாவது 131 கி.கி. ஆனால் பிடிப்பு எடையைப் போல 512-ல் ஒரு பங்கு; அதாவது 15 கி.கி. மட்டுமே. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். வண்டி நகராது.

எனவே அழுத்தத்தையும் எட்டால் வகுக்க வேண்டும். 14.8 ÷ 8 = 1.85. அப்போது இழுவிசை 16 கி.கி.; பிடிப்பு 15 கி.கி. பழைய பொருத்தம் மீண்டும் வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது வெளிக் காற்றைவிடச் சுமார் 1 கி.கி. கூடுதல் அழுத்தம். நம் எஞ்சினுக்குத் தேவை அதில் இரு மடங்குகூட இல்லை! கரும்பலகையில் இந்த எண் வந்ததும் மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் ஒரு தவறும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

15 கி.கி. இழுவிசை போதுமா? உருள்தாங்கி பொருத்திய சிறு வண்டியை மட்டமான பாதையில் இழுக்க அதன் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 15 கி.கி. விசை 750 கி.கி. எடையை நகர்த்தும். எஞ்சினின் 195 கி.கி. போக மீதி 555 கி.கி. வண்டிகளின் எடையையும் கழித்தால் ஏழெட்டு மாணவர்கள் தாராளமாக உட்காரலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் கடற்கரையில் விடியற்காலையில் தண்டவாளத்தில் உப்பு ஈரம் படிந்திருக்கும். பிடிப்பு கால் பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் விசை 6 கி.கி.தான். இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது. பெரிய எஞ்சின்கள் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவிக்கொண்டு போனது இதற்காகத்தான்.

மலிவு என்பது புதிதல்ல

இப்படி ஏழை ஆர்வலர்கள் எஞ்சின் செய்வது நாம் தொடங்கிய வழக்கமல்ல. இங்கிலாந்தில் இரயில்வேயில் வேலை பார்த்த லாரன்ஸ் என்பவர், தாம் பணியாற்றிய இரயில்வேயின் முதலெழுத்துகளையே புனைபெயராகக் கொண்டு ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற பெயரில் ‘மாடல் எஞ்சினியர்’ இதழில் எழுதினார். அக்காலத்தில் சிறு மாதிரி எஞ்சின்களைச் சாராய விளக்கால் சூடாக்குவது வழக்கம். நிலக்கரி இட்டால் அவ்வளவு சிறிய கொதிகலன் வேலை செய்யாது, ஆளை இழுக்காது என்று பலர் வாதிட்டார்கள். 1924 இல் லண்டனில் இதற்கென்றே ஒரு போட்டி நடந்தது. லாரன்ஸ் கட்டிய ‘ஆயிஷா’ என்ற எஞ்சின் வெறும் 63½ மி.மீ. பாதையில் நிலக்கரி எரித்து, ஆளை இழுத்துக் காட்டியது.

அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் ஒவ்வொரு பாகத்தையும் எப்படி வெட்டுவது, கடைவது, பொருத்துவது என்று சாதாரணத் தொழிலாளிக்கும் விளங்கும்படி எழுதினார். வீட்டில் ஒரு சிறு கடைசல் இயந்திரம் வைத்திருந்தவர்கள் அதைப் படித்தே எஞ்சின்கள் கட்டினார்கள்.

பழைய இரும்புக் கடையில் ஓர் எஞ்சின்

நம்மிடம் கடைசல் இயந்திரம் இல்லை. ஆனால் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகள் இருக்கின்றன. படகுகள் இருக்கும் இடத்தில் பட்டறைகளும், பட்டறைகள் இருக்கும் இடத்தில் பழைய இரும்புக் கடைகளும் இருக்குமல்லவா? எங்கள் பாகங்களில் பெரும்பாலானவற்றை எடைக்கு எடை பேசித்தான் வாங்கினோம்.

உருளை: பொட்டலம் கட்டும் இயந்திரங்களில் காற்றால் இயங்கும் உருளைகள் உண்டு. பிஸ்டன் முன்னே போகவும் பின்னே வரவும் இரு புறமும் காற்று வாங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். 50 மி.மீ. விட்டமும் 80 மி.மீ. வீச்சும் உள்ளவை சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியது 48, 76. பிஸ்டன் 76 மி.மீ. நகர்ந்தால் இரு முனையிலும் 2 மி.மீ. இடைவெளி மிஞ்சும். இடிக்காமல் ஓட அதுவே போதும். இவற்றின் உள்ளே உள்ள இரப்பர் வளையங்கள் காற்றுக்கு ஏற்றவை. நீராவியின் சூட்டை அவை தாங்கா என்பதை நினைவில் வையுங்கள்.

சக்கரம்: ஆறும் ஒரே அளவு. ஆகவே ஒரே ஒரு மர அச்சு போதும். அதை வார்ப்படப் பட்டறையில் கொடுத்தால் வார்ப்பிரும்பில் ஆறு வட்டுகள் ஊற்றித் தருவார்கள். கடைசல் பட்டறையில் விளிம்பைக் கடையும்போது, உள்பக்கம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்பக்கம் சற்றுச் சிறிதாகவும் இருக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறு சரிவுதான் சக்கரங்களைத் தண்டவாளத்தின் நடுவே நிறுத்துகிறது.

அச்சு: படகு உந்தியின் பழைய தண்டைத் துண்டு போட்டுக் கடைந்துகொண்டோம். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத எஃகு அது. உருள்தாங்கிகள் பழைய இருசக்கர வாகனங்களிலிருந்து கிடைத்தன.

சட்டம்: 6 மி.மீ. இரும்புத் தகடு இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஒரே சமயத்தில் துளையிட வேண்டும். தனித்தனியே துளையிட்டால் அச்சுகள் கோணலாகிவிடும்.

பாதை: பட்டை இரும்பைக் குத்தாக நிறுத்தி, குறுக்குத் துண்டுகளில் பற்ற வைத்தோம்.

வெளித்தோற்றம்: கொதிகலன் போலத் தெரிய 160 மி.மீ. பிளாஸ்டிக் குழாய். அதன் மேல் கவிழ்த்து வைத்த பித்தளைச் சொம்புதான் நீராவி மாடம்! சொம்பைக் கொடுத்த பாட்டி, எஞ்சின் ஓடும் நாளில் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். சக்கரங்களின் மேல் போதிய எடை இருக்க வேண்டுமே! அதற்காகக் குழாயின் உள்ளே சிமெண்டுக் கலவையை நிரப்பினோம். இந்தக் குழாய் வெறும் தோற்றத்துக்குத்தான். அதில் ஒருபோதும் காற்றையோ நீராவியையோ அடைக்கக் கூடாது.

ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். சைக்கிளின் இரு மிதிகளும் நேரெதிராக இருக்கின்றன. ஒன்று உச்சியிலும் மற்றொன்று அடியிலும் இருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுழலாது. எஞ்சினிலும் இதே நிலை வந்தால் வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பவே முடியாது. அதனால் இடப்புறச் சக்கரத்தின் இணைப்பு முளையும் வலப்புற முளையும் நேரெதிராக இல்லாமல் 90 பாகை தள்ளி வைக்கப்படுகின்றன. ஒன்று செத்த நிலையில் இருக்கும்போது மற்றொன்று முழு வலிமையுடன் தள்ளும். எங்கள் முதல் முயற்சியில் ஓர் அச்சில் இந்தக் கோணம் இரண்டு பாகை பிசகிவிட்டது. மூன்று அச்சுகளையும் இணைக்கும் தண்டைப் பூட்டியதும் சக்கரங்கள் அசைய மறுத்துவிட்டன. கழற்றி மீண்டும் பொருத்த மூன்று நாள் ஆயிற்று.

முப்பத்திரண்டு மீட்டர்

முதல் ஓட்டத்தைக் காற்றால் நடத்தினோம். லாரி பிரேக்குக்கு உரிய பழைய காற்றுத் தொட்டி, 20 லிட்டர் கொள்ளளவு. உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் நிரப்பிச் சோதித்த பிறகே பயன்படுத்தினோம். பஞ்சர் கடையில் 7 கி.கி. அழுத்தம் வரை காற்றடைத்து, அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி வழியாக 1.85 கி.கி. அளவில் உருளைகளுக்கு விட்டோம்.

எவ்வளவு தூரம் ஓடும்? கணக்குப் போடுவோம். பிஸ்டன் ஒரு முறை நகர்ந்தால் 149 கன செ.மீ. காற்று. இரண்டு உருளை, இரு புறம், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 4 முறை, ஆக 0.6 லிட்டர். வெளிக் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் இது 2.85 மடங்கு அழுத்தப்பட்ட காற்று. எனவே சாதாரணக் காற்றாக ஒரு சுற்றுக்கு 1.7 லிட்டர் செலவு. தொட்டியில் பயன்படும் காற்று 20 × (7 – 1.85) = 103 லிட்டர். 60 சுற்று. ஒரு சுற்றுக்கு 54 செ.மீ. ஆக சுமார் 32 மீட்டர்!

உண்மையில் 25 மீட்டருக்குள் நின்றுவிட்டது. மீதி இணைப்புகளில் கசிந்து போயிற்று. ஆனாலும் முதல் முறை ‘புஸ்... புஸ்...’ என்று மூச்சு விட்டுக்கொண்டு அது கிளம்பியபோது நாங்கள் எழுப்பிய கூச்சலைக் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. சொம்பு கொடுத்த பாட்டிதான் முதல் பயணி.

கூச்சல் அடங்கியதும் மாணவர்களிடம் கேட்டேன்: “இதே உருளைகளுக்கு நீராவி கொடுத்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு தூரம் போகலாம்?”

அந்த அழுத்தத்தில் ஒரு கிலோ தண்ணீர் ஏறக்குறைய 640 லிட்டர் நீராவியாகும். ஒரு சுற்றுக்கு 0.6 லிட்டர் என்றால் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகள். அரைக் கிலோமீட்டருக்கும் அதிகம்! சிறிய உருளையில் நீராவி குளிர்ந்து பாதி வீணாகும் என்றாலும் கால் கிலோமீட்டர் போகலாம். இருபது லிட்டர் காற்றுக்கு முப்பது மீட்டர்; ஒரு லிட்டர் தண்ணீருக்கு முன்னூறு மீட்டர். உலகம் ஏன் நீராவியின் பின்னால் ஓடியது என்பது புரிகிறதா? ஆனால் அவ்வளவு ஆற்றலைக் கையளவு தண்ணீரில் அடைத்து வைக்கிறோம் என்பதும் புரிய வேண்டும். நான் தவறியது அந்த இடத்தில்தான்.

ஒரு நூல் தண்ணீர்

“குக்கரைவிடக் கொஞ்சம்தானே சார் கூடுதல்? நாமே கொதிகலனும் செய்துவிடலாம்” என்றான் ஒரு மாணவன். 16 செ.மீ. விட்டமுள்ள கனமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று கடையில் கிடந்தது. இரு முனையிலும் தகடு வைத்துப் பற்ற வைத்தால் கொதிகலன் தயார். “இரண்டு கிலோகூட இல்லையே!” என்று நானும் தலையாட்டிவிட்டேன். பட்டறையில் கொடுத்துப் பற்ற வைத்தாயிற்று. பார்வைக்கு அழகாகவே இருந்தது.

நல்லவேளை, நெருப்பு மூட்டும் முன் நீர்ச்சோதனை செய்ய வேண்டும் என்ற ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை. கொதிகலனுக்குள் ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, கைப்பம்பினால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். வேலை செய்யும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு, அதாவது ஏறக்குறைய 4 கி.கி. வரை ஏற்றி நிறுத்த வேண்டும். தண்ணீர் அழுத்தினாலும் அநேகமாகச் சுருங்காது. எனவே அதில் ஆற்றல் தேங்குவதில்லை. எங்காவது விரிசல் இருந்தால் கொஞ்சம் தண்ணீர் வெளியேறியதும் அழுத்தம் விழுந்துவிடும். வெடிக்காது.

இரண்டு கி.கி. ஆயிற்று, ஒன்றும் இல்லை. இரண்டரை ஆயிற்று. மூன்றை முள் தொட்டபோது, முன் தகட்டின் பற்று ஓரத்திலிருந்து நூல் போலத் தண்ணீர் பீறிட்டு எதிர்ச் சுவரில் அடித்தது. முள் சரசரவென்று கீழே இறங்கியது.

அந்த இடத்தை வாளால் அறுத்துப் பார்த்தோம். வெளியே மேடாகத் தெரிந்த பற்று உள்ளே பாதி ஆழம்கூட உருகிச் சேரவில்லை.

மாணவர்கள் பேசவில்லை. நான் கரும்பலகைக்குப் போய், முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்போது போட்டேன். தகட்டின் பரப்பு 201 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் 1.85 கி.கி. மொத்தம் 372 கி.கி. ஐந்து ஆட்கள் சேர்ந்து உள்ளிருந்து தகட்டைத் தள்ளுவது போல. அது மட்டுமல்ல. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. சுமார் 131 பாகை வரை சூடேறி அடங்கியிருக்கும். தகடு பிய்ந்து அழுத்தம் விழுந்த நொடியில் கூடுதலாக உள்ள அந்த 31 பாகை வெப்பம் தண்ணீரில் ஒரு பகுதியை உடனே நீராவியாக்கும். 10 கி.கி. தண்ணீர் இருந்தால் அதில் அரைக் கிலோவுக்கு மேல் ஆவியாகும். வெளிக் காற்றின் அழுத்தத்தில் அதன் கனஅளவு 900 லிட்டருக்கு மேல்! ஓர் அறைக்குள், ஆறு மாணவர்களுக்கு நடுவில்.

எஞ்சினைச் சுருக்கலாம், அழுத்தத்தைக்கூடக் குறைக்கலாம். எரிந்து போகும் தோலைச் சுருக்க முடியாதே!

குக்கரோடு ஒப்பிட்டதுதான் என் தவறு. குக்கரை அதற்கென்றே உள்ள தொழிற்சாலையில் செய்து, சோதித்து, எடை தவறினாலும் உருகி வழிவிடும் பாதுகாப்பு அடைப்பானும் வைத்துத் தருகிறார்கள். நம் குழாய்த் துண்டில் இருந்தது நம்பிக்கை மட்டுமே. இந்தியாவின் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவற்றைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. சட்டம் விட்டுவிடுகிறது என்பதற்காக நீராவி விட்டுவிடாது.

அன்று நாங்கள் ஒரு விதி எழுதி எஞ்சினின் மேல் ஒட்டினோம். சக்கரம், சட்டம், அச்சு, பாதை, மாடம் எதிலும் சிக்கனம் பிடிக்கலாம். தவறினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். கொதிகலனில் சிக்கனம் கூடாது. அதற்குச் செம்பு அல்லது தரச்சான்று உள்ள எஃகு வேண்டும். அழுத்தக் கலங்களைப் பற்ற வைக்கத் தேர்வு பெற்ற கைகள் வேண்டும். ஒன்றல்ல, இரண்டு பாதுகாப்பு வால்வுகள் வேண்டும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடி வேண்டும். ஆண்டுதோறும் நீர்ச்சோதனை வேண்டும். இவை எதுவும் பழைய இரும்புக் கடையில் கிடைப்பதில்லை.

பொன்மலை தூரமில்லை

அப்படிப்பட்ட கைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. நீலகிரி மலை இரயிலை இழுக்கும் ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவை முதுமை அடைந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிய எஞ்சின்களையே கட்டினார்கள். 2011 இல் எண்ணெய் எரிக்கும் எஞ்சின் வெளிவந்தது; 2021 இல் நிலக்கரி எரிக்கும் எஞ்சினும் வந்தது. நீராவிக் காலம் முடிந்துவிட்டது என்று உலகம் எழுதிய பிறகு, நம் தொழிலாளர்கள் புதிதாக நீராவி எஞ்சின் கட்டினார்கள்! சுற்றுலா போகும்போது திருச்சியில் உள்ள இரயில் அருங்காட்சியகத்தையும் சென்னை பெரம்பூரில் உள்ளதையும் பாருங்கள். எஞ்சினின் அழகோடு கொதிகலனின் தையலாணி வரிசைகளையும் உற்றுப் பாருங்கள். ஒவ்வோர் ஆணியும் ஒரு கணக்கின் விடை.

எங்கள் எஞ்சின் இன்னும் காற்றில்தான் ஓடுகிறது. டெண்டரில் இப்போது இரண்டு தொட்டிகள். ஐம்பது மீட்டர் போகிறது. விடுமுறை நாள்களில் பிள்ளைகளை ஏற்றி, ஆளுக்கு ஒரு ரூபாய் உண்டியலில் போடச் சொல்கிறார்கள் மாணவர்கள். உண்டியலில் ‘கொதிகலன் நிதி’ என்று எழுதியிருக்கிறது. நிறைய நாளாகும். ஆகட்டும்.

அறுத்தெடுத்த அந்தப் பற்றுத் துண்டு என் மேசை மேல் இருக்கிறது. புதிதாக எஞ்சின் செய்ய வேண்டும் என்று வருகிற மாணவனிடம் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன். வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, “நன்றாகத்தானே சார் இருக்கிறது?” என்பான். “திருப்பிப் பார், தம்பி” என்பேன்.